கேள்வி கேட்டால் அதே நாலு கைகள்தான்

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எதைக் கேட்டாலும் அதே நாலு கைகள்தான் உயர்கின்றன. மற்றவர்களைப் பெயர் சொல்லி எழுப்பினால் நடுங்குகிறார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில் 1: கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடிதான் பொறுத்தார்கள். அதை 3 வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

பதில் 2: அந்த 3 வினாடி வாத்தியாருக்குத்தான் கஷ்டம், வாய் துறுதுறுக்கும்! நான் முதலில் நோட்டில் எழுதச் சொல்வேன், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்வேன். பிறகு எழுப்பினால் சொல்ல ஏதாவது இருக்கும்.

கேட்டவர்: சரி, நாளை ஒளிச்சேர்க்கை பாடம். செடி ராத்திரியில் சுவாசிக்குமா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அந்த நால்வரை என்ன செய்வது?

பதில் 2: யாரும் கை தூக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், டீச்சர்.