ஏடிவி பெல்ட் ஓரிடத்தில் மட்டும் தேய்கிறது, காரணம் என்ன?

கேள்வி:
சிவிடி (ரெண்டு புல்லிக்கு நடுவே பெல்ட் ஓடி விகிதம் தானா மாறும் அமைப்பு) உள்ள நாலு சக்கர டிரைவ் ஏடிவி (கரடுமுரடான பாதைக்கான வண்டி). கம்பெனி டயரை விட 2 அங்குலம் பெரிய டயர் போட்டிருக்கு. பின்னால டிரெய்லர், போகிற வழி சேறும் மேடும். கழற்றின பெல்ட்டில் ஒரே ஒரு இடம் இடுப்பு மாதிரி உள்வாங்கி மெலிஞ்சிருக்கு, மீதியெல்லாம் புதுசு போலத்தான் இருக்கு. பெல்ட் தரமில்லையா, கிளட்ச் கோளாறா?

பதில் 1:
ரெண்டும் இல்லை, ஓட்டும் முறைதான். வண்டி சிக்கி சக்கரம் நின்றுவிட்டால் பின் புல்லியும் நிற்கும், பெல்ட்டும் நிற்கும். முன் புல்லி (முன் கிளட்ச் என்பதும் இதுதான்) மட்டும் இன்ஜினோடு சுற்றி, பெல்ட்டின் ஒரே இடத்தை உரசித் தள்ளும். ரப்பர் கருக சில விநாடி போதும். அதற்குப் பிறகு வண்டி எடுக்கும்போது தட் தட்டென்று அடிக்கும். அந்தப் பெல்ட்டை நம்பாதீர்கள்.

டிரெய்லர், ஏற்றம், சேறு, ஊர்ந்து போகும் வேகம் எல்லாவற்றுக்கும் லோ கியர். லோ விகிதம் பெல்ட்டுக்கு அப்புறம் கியர்பாக்ஸில் இருக்கிறது, அதனால் பெல்ட் மேல் விழும் இழுவை குறையும். ஹை கியரில் போட்டு மெதுவாக நகர்த்துவதுதான் பெல்ட்டைக் கொல்கிறது. இன்னொன்று, ஆக்ஸிலேட்டரைப் பயந்து பயந்து தொடாதீர்கள். கிளட்ச் பாதி பிடித்த நிலையில்தான் வழுக்கலும் சூடும் அதிகம். தெளிவாக அழுத்தி எடுங்கள். அழுத்தியும் சக்கரம் சுற்றவில்லையா, உடனே விடுங்கள். டிரெய்லரைக் கழற்றுங்கள், இல்லை விஞ்ச் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) போடுங்கள்.

டயர் பெரிதானது கியரை இன்னும் ஹை பக்கம் தள்ளினதற்குச் சமம். அந்த டயருக்கு ஏற்ற கிளட்ச் வெயிட், ஸ்பிரிங் (கிளட்ச் எப்போது பிடிக்கும், விகிதம் எப்போது மாறும் என்பதை முடிவு செய்பவை) போட்டீர்களா?

பதில் 2:
மேலே சொன்னது சரி. கூடவே காற்றுக் குழாயையும் பாருங்கள். கிளட்ச் கவருக்குள் காற்று வர ஒரு குழாய், சூடு வெளியேற ஒரு குழாய். அதில் சேறோ இலையோ அடைத்தால் லோவில் ஓட்டினாலும் பெல்ட் வேகும். கடுமையான ஏற்றம் முடிந்ததும் சட்டென்று அணைக்காமல் நியூட்ரலில் 2, 3 நிமிஷம் ஓட விட்டால் உள்ளே காற்று சுழன்று ஆறும்.

கவருக்குள் தண்ணீர் புகுந்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அப்போது கியரில் வைத்து முறுக்காதீர்கள். கவரின் அடியில் இருக்கும் வடிகால் மூடியைத் திறந்து வடித்துவிட்டு, நியூட்ரலில் மிதமாக ஏற்றி இறக்குங்கள். பெல்ட் சுற்றிச் சுற்றி காய்ந்துவிடும். பிறகு லோவில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப நனைந்தால் கவரின் கேஸ்கெட்டும் குழாய் கிளாம்பும்தான் சந்தேகம்.

கேள்வி கேட்டவர்:
வெயிட் மாற்றவில்லை, கம்பெனியில் வந்ததுதான். கவருக்குள் கருப்புத் தூள் நிறைய இருக்கு, சாதாரணமா?

பதில் 3:
மெல்லிய தூள் சாதாரணம், காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். நூல் நூலாக இருந்தால்தான் கவலை. பெல்ட் கிழிந்தால் அந்த நூல் முன் கிளட்ச் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலையும் கெடுக்கும். ஒரு துண்டு விடாமல் எடுக்காமல் புதுப் பெல்ட் மாட்டுவது வீண்.

மாட்டும் முன் இரண்டு புல்லியின் சரிவு முகத்தையும் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள். நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படக் கூடாது. கிரீஸ் கையோடு பெல்ட்டைத் தொட்டால் அது வழுக்கும். பெல்ட்டில் உள்ள எழுத்தும் அம்பும் சுழலும் திசையில் இருக்கணும். பழையதைக் கழற்றும்போதே சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பின் புல்லியை விரிக்க அதற்கான கருவியை வைத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் முகத்தில் கீறல் விழும்.

புதுப் பெல்ட்டுக்கு முதல் 50 முதல் 80 கி.மீ. வரை பாதி ஆக்ஸிலேட்டர், வேகத்தை மாற்றி மாற்றி, டிரெய்லர் வேண்டாம். மாற்றுப் பெல்ட்டை மடக்கிக் கட்டி வைக்காதீர்கள், உள்ளே நூல் முறியும்.