பிள்ளையின் பள்ளி நேர்காணலுக்கு முந்தின இரவு எங்கே தங்கினீர்கள்?

எங்கள் ஊர் காங்கேயம். பையனை ஆறாம் வகுப்பில் சேர்க்கக் கோவைக்கு அழைத்துப் போய் 3 வருடம் ஆகிறது. பள்ளி அவிநாசி சாலையை ஒட்டி இருக்கிறது. காலை எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். விடியற்காலை பஸ் பிடித்தாலும் போய்விடலாம்தான். ஆனால் பல்லடத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றால் எல்லாம் கெட்டது. அதனால் முந்தின நாளே போய்விடுவது என்று முடிவு செய்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வந்த அழைப்பில் ‘நேர்காணல்’ என்ற சொல்லே கிடையாது, ‘கலந்துரையாடல்’ என்றுதான் போட்டிருந்தார்கள். காரணம் பிறகுதான் விளங்கியது. சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பொறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். பெயர் மாறியதால் பையனின் வயிற்றுக் கலக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வடவள்ளியில் சகலை வீடு இருக்கிறது. “சொந்த வீடு மாதிரி ஒன்று இருக்கும்போது லாட்ஜில் போய்ப் படுப்பீர்களா?” என்று மனைவியின் அக்கா போனிலேயே கோபித்துக்கொண்டார். போனோம். அரிசிம்பருப்பு சாதம், தட்டு நிறைய அப்பளம், நெய். அதுவரை குறையே இல்லை. எட்டு மணிக்குச் சகலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “வா கண்ணு, பெரியப்பாதான் இப்போது ஹெட்மாஸ்டர்” என்று ஆரம்பித்தார். முடிந்தபோது மணி பத்தே முக்கால். நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாய்ப்பாடு வேறு கேட்டுவிட்டுப் போனார். பிறகு ஹாலில் அண்ணன் தம்பிகளோடு வரிசையாகப் பாய் விரித்தார்கள். ஏர்கூலர் இரைச்சலில் இவன் கண்ணை மூடவே இல்லை. சான்றிதழ் ஃபைலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விட்டத்தையே பார்த்துக் கிடந்தான்.

காலையில் மருதமலை சாலையிலிருந்து காந்திபுரத்தைத் தாண்டி ஊரின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும். லாலி ரோடு சிக்னலிலேயே என் சட்டை நனைந்துவிட்டது. உள்ளே கேட்டது ஒரே ஒரு கேள்வி: “உன் ஊரின் சிறப்பு என்ன?” வீட்டு வாசலில் காங்கேயம் காளையைப் பார்த்து வளர்ந்த பையன், “கோயம்புத்தூர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர்” என்று ஒப்பித்தான். பெரியப்பா சொல்லிக்கொடுத்தது. சொல்லி முடித்ததும் ஒரு கொட்டாவி. இடம் கிடைக்கவில்லை.

இந்த வருடம் மகளுக்கு அதே பக்கம் வேறொரு பள்ளி. இந்தத் தடவை பஸ் நிலையத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். வெளியூர்க்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து வந்தால் உக்கடம். ஈரோடு, சேலத்திலிருந்து வந்தால் காந்திபுரம். திருச்சி சாலையில் வரும் எங்கள் பஸ்ஸுக்குச் சிங்காநல்லூர். மேட்டுப்பாளையம், ஊட்டி என்றால் மேட்டுப்பாளையம் சாலையில் தனி நிலையம். இது தெரியாமல், “பஸ் ஸ்டாண்டு அருகில்” என்ற போர்டை நம்பி அறை எடுத்தால், எந்த பஸ் ஸ்டாண்டு என்பது காலையில்தான் தெரியும்.

சிங்காநல்லூரிலேயே ஒரு சந்துக்குள் சின்ன லாட்ஜ் பிடித்தேன். மேனேஜரிடம் மூன்றே கேள்வி: பின்பக்க அறை உண்டா, வாடகை 24 மணி நேரக் கணக்கா பகல் 12 மணிக் கணக்கா, காலை ஐந்தரைக்கு வெந்நீர் வருமா. சாயங்காலம் ஹோப் காலேஜ் வழியாக டவுன் பஸ்ஸில் போய்ப் பள்ளி கேட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். வாட்ச்மேன், “நாளைக்கா கண்ணு? அந்தச் சின்ன கேட் வழியாக வா” என்றார். அந்த ஒரு வார்த்தையோடு ஒன்பது மணிக்குத் தூங்கியவள், நான் எழுப்பித்தான் எழுந்தாள். கொடிசியாவில் கண்காட்சி நடக்கும் நாளாக இருந்தால் அவிநாசி சாலைப் பக்கம் அறையே கிடைக்காது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*பவானியிலிருந்து ஒரு அம்மா:*

நாங்கள் தேதி பார்க்காமல் போய் மாட்டியது திருச்செங்கோட்டில். மகளைப் பதினொன்றாம் வகுப்பு ஹாஸ்டலில் சேர்க்கப் போனோம். வைகாசி விசாகத் தேர் சமயம். எல்லா லாட்ஜும் நிரம்பிவிட்டது. ஒன்றில் அறை இருந்தது, ஆனால் கவுன்டரில் இருந்தவர் என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கூட ஆம்பளை யாரும் வரவில்லையா?” என்றார். வந்த கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் இனி எங்கே போவது என்ற பயம். எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த ஆத்தா, “என் திண்ணையில் படு சாமி, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்” என்றது. ராத்திரி முழுக்க மேளமும் வேட்டும். மகள் அதிலும் நன்றாகத் தூங்கினாள், நான்தான் விடியவிடிய விழித்திருந்தேன். மறுநாள் பத்து மணிக்கு வரச் சொன்ன முதல்வர் பதினொன்றரைக்கு நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தார். அவரும் தேருக்குப் போயிருந்தாராம்.

*கரூரிலிருந்து:*

ஊட்டி, குன்னூர் மலைப் பள்ளிக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் தங்க வேண்டாம். வாடகை குறைவு என்று நாங்கள் தங்கினோம். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால், குன்னூர் வருவதற்குள் இட்லி வெளியே வந்துவிடும். மகன் பள்ளிக்குள் போனது என்னுடைய பனியனோடு, மேலே கடன் வாங்கிய ஸ்வெட்டர். முந்தின நாளே மேலே ஏறி, குளிரில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் முகம் தெளிந்துவிடும். சொந்தக் காரில் போனால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள், பிளாஸ்கில் எடுத்துப் போங்கள்.

*மறுபடியும் காங்கேயத்திலிருந்து:*

பவானி அம்மா சொன்ன திண்ணை மாதிரி எங்களுக்கு வாய்க்கவில்லை. எல்லாரும் கேட்டதால் சொல்கிறேன், மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. சகலைதான் இரண்டு மாதமாகப் பேசவில்லை. லாட்ஜில் தங்கிய செய்தி யார் வழியாகவோ போய்விட்டது. இப்போது அவர் சின்ன மகனுக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கலந்துரையாடல். வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். எங்கே தங்கப்போகிறார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. மனைவி பாயை உதறி வெயிலில் போட்டிருக்கிறாள்.