டாம் பேக்கர் ஸ்கார்ஃப்: மதுரையில் யாராவது பின்னித் தருவார்களா?

நீலப்பெட்டி (திருநகர்)

வணக்கம். 1963 நவம்பர் 23 அன்றுதான் டாக்டர் ஹூ என்ற பிபிசி அறிவியல் புனைகதைத் தொடரின் முதல் பாகம் ஒளிபரப்பானது. அந்தத் தேதியில் நாங்கள் ஐந்து பேர் மொட்டைமாடியில் கூடிப் பழைய பாகங்களைப் பார்க்கப் போகிறோம். ஆளுக்கொரு வேஷம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு நான்காவது டாக்டர், அதாவது கதாநாயகன் டாக்டராக நான்காவதாக நடித்த டாம் பேக்கர், விழுந்துவிட்டார். தொப்பியும் கோட்டும் கடன் வாங்கிவிட்டேன். தரையில் புரளும் அந்தக் கோடுபோட்ட ஸ்கார்ஃபுக்குத்தான் வழியில்லை. குன்னத்தூர் சத்திரத்தில் ஒரு தையல்காரரிடம் படத்தைக் காட்டினேன். "இது தைக்கிறது இல்ல தம்பி, பின்னுறது" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் வெல்வெட்டில் பட்டை பட்டையாக ஒட்டுப்போட்டுத் தருவதாகச் சொன்னார். சரியாக வருமா? பின்னுகிறவர்கள் யாரையாவது தெரியுமா? கையில் ஆறு வாரம் இருக்கிறது.

சல்லடம்

எங்கள் அப்பா புதுமண்டபத்தில் கடை இருந்த காலத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் போடுகிற சல்லடம், உருமால் எல்லாம் தைப்பவர். அதனால் சொல்கிறேன், வெல்வெட் வேண்டாம். விறைத்துக்கொண்டு நிற்கும். கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினால் டாக்டர் மாதிரி இருக்காது, கோடாங்கி மாதிரி இருக்கும். பின்ன ஆள் கிடைக்காவிட்டால் திருப்பூர் பனியன் துணியில் தைத்துக்கொள்ளுங்கள், அதுவாவது தொங்கும்.

ஆனையூர் அக்கா

தம்பி, நான் ஒன்று பின்னியிருக்கிறேன், என் மகனுக்காக. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எனக்கு அப்போது டாக்டர் ஹூ என்றால் என்னவென்றே தெரியாது. பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் சைக்கிள் போக்ஸ் கம்பியை வைத்துப் பின்னக் கற்றுக்கொண்டவள் நான். மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். ரசிகர்கள் கணக்கெடுத்து வைத்த பட்டியல். ஊசியில் 60 கண்ணி, எல்லா வரிசையும் நேர்ப் பின்னல், ஏழு நிறம். முதலில் 8 வரிசை கத்தரிப்பூ, அடுத்து 52 வரிசை ஒட்டக நிறம், அதற்கப்புறம் வெண்கல நிறம் 16 என்று போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் 800-க்கு மேல்.

உல்லன் நூல் வாங்கப் போனதுதான் கூத்து. ஒட்டக நிறம் என்றதும் கடைப்பெண் விழித்தாள். "பிஸ்கட் கலர்" என்றதும் எடுத்துப் போட்டாள். அடுத்து கடுகு நிறம் கேட்டேன். கறுப்பை நீட்டினாள். அவள்மேல் தப்பே இல்லை, நம் வீட்டுக் கடுகு கறுப்புதானே! வெள்ளைக்காரர்கள் சொல்வது அரைத்த மஞ்சள் கடுகு. நீ போனால் வெந்தயக் கலர் என்று கேள். துரு நிறத்துக்குச் செங்கல் கலர். பிஸ்கட் கலரை மட்டும் மற்றதைவிடக் கூடுதலாக வாங்கு, எனக்குப் பாதியில் தீர்ந்துபோய் இரண்டாவது முறை வாங்கியது ஒரு சாயல் மாறிவிட்டது.

தினமும் சாப்பாடு முடிந்ததும் மகன் ஒரு பாகம் போடுவான், நான் பின்னுவேன். 25 நிமிடப் பாகத்துக்கு 8 வரிசை ஓடும். டாம் பேக்கர் பாகங்களில் ஒன்றுகூடத் தொலையவில்லை என்பதால் விட்டுப்போகாமல் பார்க்க முடிந்தது. 1960-களில் எடுத்தவற்றில் தொண்ணூற்றுக்கு மேல் இன்றைக்கும் இல்லையாம். அந்த பிபிசிக்காரர்களே நாடாவை அழித்துவிட்டு மறுபடி உபயோகித்தார்களாம். நம் வீட்டில் கல்யாணக் கேசட்டில் கிரிக்கெட் பதிந்த கதைதான்.

முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது. அட்டை அட்டையாகச் செட்டு, பச்சை நுரைத்தாளைச் சுற்றிக்கொண்டு ஒரு பூச்சி. "டேய், நம்ம ஊர்ப் பொருட்காட்சியில இதைவிட நல்லா பண்ணுவாங்க" என்றேன். பிறகு 1975-இல் வந்த, டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகள் பிறந்த கதை வந்தது. ஆறு பாகம். டாலெக்குகளை முளையிலேயே அழிக்கச் சந்தர்ப்பம் கிடைக்கிறது. டாக்டர் கையில் இரண்டு ஒயர், இரண்டு முனையையும் சேர்த்தால் முடிந்தது. அந்த மனுஷன் சேர்க்காமல் நிற்கிறான். எனக்கு அதைச் செய்ய உரிமை உண்டா என்று கேட்கிறான். நான் ஊசியைப் பிடித்தபடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணி நழுவியதே தெரியவில்லை. நாலு வரிசை தாண்டித்தான் பார்த்தேன். பிரிக்க மனம் வரவில்லை. பச்சைப் பட்டையில் அந்த ஓட்டை இப்போதும் இருக்கிறது. மகன் யாருக்குக் காட்டினாலும் முதலில் அதைத்தான் காட்டுவான்.

தை மாதம் தொடங்கியது ஆனியில் முடிந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் ஊசியைத் தொடவில்லை. மே மாத வெயிலில் கம்பளியை மடியில் வைத்துக்கொள்ள முடியுமா? பின்னி முடித்த பகுதியைப் பக்கத்தில் ஓர் அண்டாவுக்குள் இறக்கிவிட்டுப் பின்னினேன். எல்லாம் முடிந்து, துவைத்து, கொடியில் குறுக்கே போட்டதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். நேர்ப் பின்னல் ஈரத்தின் கனத்தில் இழுபடும். மறுநாள் அளந்தால் இரண்டு அடி கூடியிருந்தது! பாயில் விரித்துத்தான் காயவைக்க வேண்டும்.

இவ்வளவு நீளம் எப்படி வந்தது என்று மகன் சொன்ன கதை இது. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன் நிறைய நூலை வாங்கி, பிகோனியா போப் என்ற அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா கொடுத்த நூல் முழுவதையும் பின்னிவிட்டார். எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்கவே இல்லை. எனக்கு அவரை நன்றாகப் புரிகிறது. மிச்ச நூலை யார் வீட்டில் வைத்துக்கொள்வது?

ஆகவே ஆறு வாரத்தில் ஒருத்தியால் முடியாது. என்னுடையதைத் தரலாம், ஆனால் அது மகனுடைய சாமான், பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறேன், அவனைக் கேட்காமல் எடுக்க மாட்டேன். வேறு வழி சொல்கிறேன். நீங்கள் ஐந்து பேர். ஆளுக்கு 160 வரிசை. தினம் நாலு வரிசை பின்னினால் நவம்பருக்குள் முடிந்துவிடும், பட்டைகளை நான் சேர்த்துத் தைத்துத் தருகிறேன். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு இறுக்கம் என்பதால் அகலம் கூடிக் குறையும். பரவாயில்லை.

சீசன்பதினெட்டு

எந்த ஸ்கார்ஃப் என்று யாருமே கேட்கவில்லையே. 1974-இல் வந்தது அக்கா சொல்லும் ஏழு நிறம். வருடம் போகப் போக அதுவும் நீண்டது. 1980-இல் வந்த பதினெட்டாவது சீசனில் உடையே மாறி, ஜூன் ஹட்சன் வடிவமைத்த அரக்குச் சாயல் ஸ்கார்ஃப் வந்தது. நிறம் குறைவு, வேலை எளிது. எனக்கு அதுதான் அழகு. எல்லோரும் பழையதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

ஆனையூர் அக்கா

அதையும் பார்த்தேன் தம்பி. துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறார்.

நீலப்பெட்டி

அக்கா, ரொம்ப நன்றி. கடையில் பிஸ்கட் கலர், வெந்தயக் கலர் என்றே கேட்டு வாங்கிவிட்டேன், ஒரு கேள்வி வரவில்லை. ஊசி ஐந்து ஜோடி. ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வரலாமா? மூன்று பேர் கற்றுக்கொள்ளத் தயார். நான்காமவனுக்கு டாலெக் வேஷம். தனக்குக் கையே கிடையாது, ஒரு பக்கம் துப்பாக்கி, மறுபக்கம் அடைப்பு எடுக்கிற கட்டை, இதை வைத்து எப்படிப் பின்னுவது என்று கேட்கிறான்.

ஆனையூர் அக்கா

வாருங்கள். அவனையும் கூட்டிவா. நூல்கண்டு சிக்கெடுக்க ஆள் வேண்டும்.