சென்னை வீடும் உயிலும்: ப்ரோபேட் வாங்கியவர்கள், தவிர்த்தவர்கள் அனுபவம்

மயிலாப்பூர் மகள்:
அப்பா வீட்டை அம்மா பேருக்கு உயில் எழுதியிருந்தார். இரண்டு சாட்சி, பதிவு இல்லை. உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, அதனால் அதில் தொல்லை வரவில்லை. தொல்லை, வீடு சென்னைக்குள் இருந்ததுதான். அப்போதிருந்த சட்டப்படி, சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி எல்லைக்குள் இருக்கும் சொத்துக்கு இந்து ஒருவர் எழுதிய உயில் என்றால் ப்ரோபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, வாங்கியாக வேண்டும். பெரியப்பா கும்பகோணத்தில் எழுதிய உயிலுக்கு இந்தப் பேச்சே எழவில்லை, உயிலைக் காட்டியே பட்டா மாறிவிட்டது.

சாட்சிகளில் ஒருவர் தவறிவிட்டார். இன்னொருவர் பக்கத்து வீட்டு மாமா. மகனோடு புனே போய்விட்டார். அவருடைய பிரமாணப் பத்திரம் வராமல் மனு நகரவில்லை. அண்ணன் அமெரிக்காவிலிருந்து சம்மதப் பத்திரம் அனுப்பினான், அதுவும் தூதரக முத்திரையோடு. பிறகு பேப்பரில் விளம்பரம். யாரும் ஆட்சேபிக்கவில்லை, பிழைத்தோம். ஒருவர் எதிர்த்தால் போதும், மனு வழக்காக மாறிவிடும். அப்புறம் வருஷக் கணக்குதான்.

அண்ணாநகர்:
இதைக் கேள்விப்பட்டுத்தான் எங்கள் அம்மா உயிலே வேண்டாம் என்று தங்கைக்கு செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதினார். குடும்பத்துக்குள் என்பதால் செலவு குறைவு. 2023 ஜூலைக்குப் பிறகு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000.

ஆனால் உயிலை நினைத்தபோது மாற்றலாம், செட்டில்மென்ட்டைப் பதிந்துவிட்டால் மனசு மாறினாலும் நாமாகவே ரத்து செய்ய முடியாது. அதனால் உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் அம்மாவுக்கே உரிமை என்று பத்திரத்தில் போட்டோம். ஆவண எழுத்தர்கள் பழைய பத்திரத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிற வழக்கம் உண்டு. அந்த வரி இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தோம். தங்கை கொஞ்சம் முகம் சுளித்தாள். ஆனால் பிள்ளைகள் கவனிக்காமல் விட்டு, 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது, முதலில் பார்ப்பது இந்த நிபந்தனையைத்தான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அது இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது மகள் வீட்டு மாடியில் இருக்கிறார்.

பெயர் வேண்டாம்:
வங்கிப் பணத்துக்கு நாமினி இருந்தால் போதும் என்று இருக்காதீர்கள். என் மச்சினர் கல்யாணத்துக்கு முன்பு போட்ட டெபாசிட்டில் அவருடைய அக்கா நாமினி. மச்சினர் இறந்ததும் பணம் அக்கா கைக்குத்தான் வந்தது. நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, சொந்தக்காரர் அல்ல என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, அதை அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?

மயிலாப்பூர் மகள்:
இப்போது படிப்பவர்களுக்கு ஒன்று. ப்ரோபேட்டைக் கட்டாயமாக்கிய, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் யாராவது உயிலை எதிர்த்தால் சாட்சி கோர்ட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். உங்களைவிடப் பத்து இருபது வயது சின்னவர்களாகப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள், அவர்கள் முகவரியையும் போனையும் உயிலிலேயே எழுதுங்கள்.