கடற்பஞ்சும் சொறிமுட்டையும் எப்படிக் குஞ்சு பொரிக்கும்?

பாளை மாணவி: போன ஞாயிறு உவரி கடற்கரையில் ஒரு சொறிமுட்டை (ஜெல்லிமீன்) ஒதுங்கிக் கிடந்தது. கண்ணாடி மாதிரி உடம்பு, நடுவில் குதிரை லாடம் போல நாலு வளையம். அது என்ன உறுப்பு? அப்புறம், ஒரே இடத்தில் ஒட்டிக்கிடக்கிற கடற்பஞ்சு என்ற விலங்கு எப்படி இனப்பெருக்கம் செய்யும்? மூன்று தடவை படித்தும் பிடிபடவில்லை அண்ணாச்சி.

விலங்கியல் அண்ணாச்சி: நீ பார்த்தது ஆரேலியா என்கிற சொறிமுட்டை வகை மாதிரி இருக்கு தங்கச்சி. அந்த நாலும் இனப்பெருக்க உறுப்புகள். ஆண் தனி, பெண் தனி. கருவுற்ற முட்டையிலிருந்து பிளானுலா என்ற இளவுயிரி வந்து, நீந்திப்போய்ப் பாறையில் ஒட்டி, பாலிப்பாக (ஒட்டியபடியே வாழும் குழல் போன்ற நிலை) வளர்ந்து, பிறகு அடுக்கி வைத்த தட்டுகள் போலக் குறுக்கே பிரிந்து, ஒவ்வொரு தட்டும் ஒரு குட்டி ஜெல்லிமீனாக நீந்திப் போகும். எனக்கு இதைவிட அழகான பாடம் கிடையாது.

உவரிக்காரன்: செத்துக் கிடந்தாலும் தொடாதே மக்கா. கொட்டும் செல்கள் அப்பவும் வேலை செய்யும்.

விலங்கியல் அண்ணாச்சி: சரி, கடற்பஞ்சுக்கு வருவோம். அதற்குத் தனி இனப்பெருக்க உறுப்பே இல்லை. ஒன்று விந்தணுக்களைத் தண்ணீரில் புகைபோல விடும், இன்னொன்று தண்ணீரை உறிஞ்சும்போது அதன் கசையிழைச் செல்கள் (சாட்டை போன்ற இழை உள்ள செல்கள்) அவற்றைப் பிடித்து உள்ளேயிருக்கும் முட்டைக்குச் சேர்க்கும். மொட்டு விட்டும் பெருகும். 1907-இல் வில்சன் என்ற விலங்கியலாளர் ஒரு பஞ்சைப் பட்டுத்துணியில் பிழிந்து செல்செல்லாகப் பிரித்தார். அவை திரும்ப ஒன்றுகூடிப் பஞ்சாகிவிட்டன!

பாளை மாணவி: இப்ப புரிஞ்சிட்டு அண்ணாச்சி. பிளானுலா படத்தை இன்றைக்கே வரைந்து பார்க்கிறேன்.