இருக்கையில் மட்டும் தாழ் ஒலி எழவில்லை: பெரிய சப்வூஃபர் வாங்க வேண்டுமா?

கேள்வி (ஹற்றன்)

வணக்கம். புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டின் மேல்மாடியில், 16 அடி நீளமும் 12 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்ட ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். சுவர்கள் சீமெந்துக் கல்லால் ஆனவை. மேலே கொங்கிரீட் தட்டு. 12 அங்குலச் சப்வூஃபர் (தாழ் ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) திரைக்கு இடப்பக்க மூலையில் இருக்கிறது. சோபாவை முன்சுவரிலிருந்து 8 அடியில் போட்டிருக்கிறேன். அதில் அமர்ந்தால் இடிமுழக்கம் வெறுமையாகக் கேட்கிறது. எழுந்து பின்பக்கக் கதவருகே போனால் நெஞ்சே அதிர்கிறது. ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்தனுப்பும் ரிசீவரில் சப்வூஃபர் அளவை 6 டெசிபல் கூட்டிப் பார்த்தேன். கீழே அம்மாவின் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்ததே தவிர, என் இருக்கையில் பெரிய முன்னேற்றம் இல்லை. முன்பு நாங்கள் இருந்த தகரக் கூரைத் தோட்ட வீட்டில் இதே பெட்டி நன்றாக ஒலித்தது. 15 அங்குலப் பெட்டிக்குக் காசு சேர்த்து வருகிறேன்; அது சரியான முடிவா?

பதில் (பண்டாரவளை)

தம்பி, அந்தக் காசை இப்போது தொட வேண்டாம். குறை பெட்டியில் இல்லை, சோபா இருக்கும் இடத்தில் இருக்கிறது.

நம் மலைக் குளிரில், 15 பாகை அளவில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். அதை அறை நீளத்தின் இரு மடங்கால், அதாவது ஏறத்தாழ 9.75 மீற்றரால், வகுத்தால் 35 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்ணில் ஒலியழுத்தம் முன்சுவரிலும் பின்சுவரிலும் உச்சமாகவும், நட்டநடுவில் மிகக் குறைவாகவும் நிற்கும். நீங்கள் அமர்ந்திருப்பது அந்த நடுவில்தான். அளவைக் கூட்டும்போது உச்சங்களும் சேர்ந்து உயர்வதால் அம்மாவின் அலுமாரிதான் பாடுபடுகிறது. 6 டெசிபல் என்றால் அம்ப்ளிஃபயருக்கு நான்கு மடங்கு வலு தேவை என்பதையும் மறக்காதீர்கள். பழைய வீட்டின் தகரக் கூரை தாழ் ஒலியை வெளியே விட்டுவிடும், கொங்கிரீட் விடாது. ஆகவே அங்கே இல்லாத மேடுபள்ளம் இங்கே தெரிகிறது.

சோபாவைப் பின்னுக்கு நகர்த்தி, தலை 10 அடி அல்லது பத்தரை அடியில் இருக்கும்படி வையுங்கள். 12 அடிக்குப் போக வேண்டாம், அங்கே அதன் இரு மடங்கான 70 ஹெர்ட்ஸ் ஒலி மிகக் குறைந்துவிடும். சப்வூஃபரை மூலையிலிருந்து எடுத்து முன்சுவரின் நடுவில் வைத்தால், அகலத்துக்குரிய 46 ஹெர்ட்ஸ் அதிர்வு தூண்டப்படாது. சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் ஏறத்தாழ ஒரே ஒலி கிடைக்கும்.

பதில் (பதுளை)

அண்ணன் சொன்னதுடன் ஒன்று சேர்க்கிறேன். கணக்கு வழிகாட்டும், ஆனால் கதவும் யன்னலும் அதைச் சற்று மாற்றும். சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில், நீங்கள் அமரும் இடத்திலேயே வைத்து, 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓட விடுங்கள். சுவரோரமாகத் தவழ்ந்து சென்று, எந்த இடத்தில் ஒலி மேடுபள்ளமின்றிக் கேட்கிறதோ அந்த இடத்தில் பெட்டியை வையுங்கள். ஒலி இரு திசையிலும் ஒரே பாதையில் செல்வதால் இந்த முறை பொய்ப்பதில்லை.

அதன்பின் எல்லா ஸ்பீக்கர்களையும் 'சிறியது' என அமைத்து, கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழ் உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்து, ரிசீவரின் தானியங்கி அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள். அது சப்வூஃபரின் தூரத்தை உண்மையைவிட அதிகமாகக் காட்டினால் திருத்தாதீர்கள். பெட்டிக்குள் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிடுகிறது. காசு மிஞ்சினால், 15 அங்குலத்தைவிட இதே போன்ற இரண்டாவது பெட்டியைப் பின்சுவரின் நடுவில் வைப்பதே மேல். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே வைத்த இரு சப்வூஃபர்கள் இருக்கைகளுக்கு இடையிலான வேறுபாட்டை நன்கு குறைக்கும் என்பதை ஹார்மன் நிறுவனத்தின் டொட் வெல்ட்டி 2002இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்.

கேட்டவர் (ஹற்றன்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டி முன்சுவரின் நடுவிலிருந்து ஓரடி வலப்பக்கத்தில் அமைந்தது. தவழ்ந்து தேடியபோது அங்கேதான் ஒலி சீராக இருந்தது. சோபா பத்தரை அடிக்குப் போய்விட்டது. கூட்டியிருந்த 6 டெசிபலை முழுவதும் குறைத்த பிறகும், இடிமுழக்கம் இருக்கையில் நிறைவாகக் கேட்கிறது. அலுமாரிக் கண்ணாடி மட்டும் இன்னும் லேசாக அதிர்கிறது.

பதில் (பண்டாரவளை)

கண்ணாடி சட்டத்தில் தொடும் ஓரங்களில் மெல்லிய கம்பளித் துணியைச் செருகிப் பாருங்கள். பெட்டியின் அடியில் தடித்த இறப்பர் விரிப்பும் போடுங்கள். அது தரைவழியே இறங்கும் அதிர்வைக் குறைக்கும், காற்றுவழி போவதைக் குறைக்காது. அம்மா உறங்கும் நேரத்தில் உரத்த ஒலிகளைத் தணிக்கும் ரிசீவரின் இரவு அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.