என்டர்பிரைஸ் வேல்யூ: ‘நிறுவன மதிப்பு’ என்றால் போதுமா?

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். இளங்கலை வணிகவியல் மாணவர்களுக்காக, பாக்கெட் உணவு நிறுவனங்களை மதிப்பிடுவது பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்களன்று அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். 2024 ஆகஸ்டில், பிரிங்கிள்ஸ் வறுவல் தயாரிக்கும் கெல்லனோவாவை வாங்கப்போவதாக சாக்லேட் நிறுவனமான மார்ஸ் அறிவித்தபோது, பங்கொன்றுக்கு 83.50 டாலர், மொத்தம் 3,590 கோடி டாலர் என இரண்டு எண்களைச் சொன்னது. பங்குகளின் எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் 2,900 கோடியை ஒட்டித்தான் வருகிறது. மீதித் தொகை, கெல்லனோவாவின் கடனிலிருந்து அதன் ரொக்கக் கையிருப்பைக் கழித்தால் வரும் நிகரக் கடன். வாங்குபவர் அதையும் ஏற்கிறார். ஆங்கிலத்தில் என்டர்பிரைஸ் வேல்யூ எனப்படும் அந்தப் பெரிய எண்ணுக்கு ‘நிறுவன மதிப்பு’ என்று எழுதியிருந்தேன். மாணவர்கள் அதை, பங்குகளின் எண்ணிக்கையைச் சந்தை விலையால் பெருக்கினால் வரும் சந்தை மதிப்பு என்றே புரிந்துகொள்கிறார்களாம். வேறு சொல் உண்டா?

வணிகவியல் ஆசிரியை:

‘நிறுவன மதிப்பு’ என்ற தொடரில் யாருடைய மதிப்பு என்பது தெரிகிறதே தவிர, எதைக் கூட்டி எதைக் கழித்தோம் என்பது தெரிவதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 2019 பிப்ரவரியில் உணவு நிறுவனமான கிராஃப்ட் ஹைன்ஸ் தன் வணிகப் பெயர்கள், நற்பெயர் (குட்வில்) ஆகியவற்றின் ஏட்டு மதிப்பிலிருந்து, அதாவது கணக்கேட்டில் காட்டியிருந்த மதிப்பிலிருந்து, 1,540 கோடி டாலரைக் குறைத்து எழுதியது. மறுநாள் அதன் பங்கு விலை கால்பங்குக்கு மேல் சரிந்தது. ஏறத்தாழ 3,000 கோடி டாலர் கடனோ அப்படியே நின்றது. ஏட்டு மதிப்பு, சந்தை மதிப்பு, கடனையும் சேர்த்த மதிப்பு என மூன்றும் மூன்று விதமாக அசைந்த அந்த நிகழ்வை விளக்கும்போது, மூன்றையும் ‘நிறுவனத்தின் மதிப்பு’ என்றே மாணவர் எழுதுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ‘கடன்சேர் மதிப்பு’ என்பது என் பரிந்துரை.

இலங்கைக் கணக்காளர்:

எங்கள் பாடநூல்களில் மதிப்பு என்பது பெறுமதி. என்டர்பிரைஸ் என்பது தொழில்முயற்சி. ‘தொழில்முயற்சிப் பெறுமதி’ எங்களுக்கு இயல்பாக இருக்கும். நீங்கள் நற்பெயர் என்பதை நாங்கள் நன்மதிப்பு என்கிறோம். அதனால் இங்கே ‘மதிப்பு’ என்று முடியும் சொல் இன்னொரு குழப்பத்தை உண்டாக்கக்கூடும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெறுமதி நல்ல சொல்தான். ஆயினும் அதில் பெறுதல் இருக்கிறது. அது விற்பவர் பக்கம் நின்று பார்ப்பது. இங்கே நாம் தேடுவது, முழு நிறுவனத்தையும் கொள்பவர் ஏற்கும் பொறுப்பைக் குறிக்கும் சொல். ஆகவே கொள் என்ற வேரிலிருந்து ‘கொண்மதிப்பு’ எனலாம். ளகர மெய் மெல்லினத்தின் முன் ணகரமாகத் திரியும் என்பது நன்னூல் விதி. நீரை முகந்துகொள்ளும் மேகம் கொண்மூ ஆனதும் அவ்வாறே. ‘கொள்முதல்’ திரியாமல் நிற்பது வழக்கின் வலிமை. முதல் என்பதும் சிறந்த சொல். ‘முதலிலார்க்கு ஊதியமில்லை’ என்று வள்ளுவர் கைப்பொருளையே சுட்டுகிறார். மேலும், ரொக்கம் என்பதைக் கைப்பணம் என்று மாற்றுங்கள். வடசொல்லை நாமே பாடத்தில் ஊன்ற வேண்டாம்.

பங்கு ஆய்வாளர்:

ஐயா, ரொக்கம் மளிகைக்கடைச் சிட்டையிலும் இருக்கும் சொல். அதை விடுவது நமக்கு இழப்பு. கொண்மதிப்பு இலக்கணப்படி சரியாக இருந்தும், அதைக் காணும் மாணவர் கொண்மூவை நினைக்கமாட்டார், அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

சொல் எங்கே பயன்படப்போகிறது என்பதையும் பாருங்கள். கெல்லனோவாவுக்கு மார்ஸ் ஒப்புக்கொண்ட தொகை, முந்தைய 12 மாதங்களில் வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிக்குமுன் இருந்த, சரிசெய்யப்பட்ட இலாபத்தைப்போல் 16.4 மடங்கு. வட்டி கட்டுவதற்கு முன்னுள்ள இலாபத்தில் கடன் கொடுத்தவருக்கும் பங்குதாரருக்கும் உரிமை உண்டு. எனவே அதன் எதிரில் இருவர் பணத்தையும் உள்ளடக்கிய எண்ணை வைக்கிறோம். பிஸ்கட், சாஸ் விற்கும் நிறுவனங்களில் வரவு சீராக இருப்பதால் கடன் கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள்; ஒரே அளவு இலாபமுள்ள இரண்டு நிறுவனங்களில் ஒன்று கடனில் மூழ்கியும் மற்றொன்று கடனின்றியும் இருக்கக்கூடும். பங்கு விலையை மட்டும் பார்ப்பவருக்குக் கடன்பட்டது மலிவாகத் தோன்றும்.

‘கடன்சேர் மதிப்பு’ இந்த ஆபத்தைச் சொல்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் கடனைவிட ரொக்கம் மிகுந்த நிறுவனத்துக்கு இந்த எண் சந்தை மதிப்பைவிடக் குறைவாக வரும். கடன்சேர் என்று பெயரிட்டுவிட்டு மதிப்பு ஏன் குறைந்தது என்று கேட்டால் என்ன சொல்வோம்? ‘முழுமதிப்பு’ என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

வணிகவியல் ஆசிரியை:

முழுமதிப்பு என்றால் ‘சந்தை மதிப்பு முழுமையற்றதா?’ என்று கேட்பார்கள். அதற்கு விடை கடனிலிருந்துதான் தொடங்குகிறது. ரொக்கம் மிகுந்த நிறுவனத்தை விதிவிலக்காக ஒரு கணக்கு போட்டுக் காட்டிவிடலாம். இருபது நிமிடத்தில் புரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:

ஒருமித்த கருத்து இல்லாவிட்டாலும், மாணவர்களின் குழப்பத்தை நேரடியாகத் தொடுவது ‘கடன்சேர் மதிப்பு’ என்பதால் அதையே பாடத்தில் வைக்கிறேன். முதல்முறை வரும் இடத்தில் ‘சந்தை மதிப்புடன் கடனைக் கூட்டி, ரொக்கத்தைக் கழித்தது’ என்ற விளக்கமும், சொல்லடைவில் தொழில்முயற்சிப் பெறுமதியும் இருக்கும். ரொக்கம் ரொக்கமாகவே இருக்கும்.

பங்கு ஆய்வாளர்:

அச்சுக்குப் போகட்டும். ஆனால் கழித்தலைச் சொல்லாத பெயரை நான் ஏற்கவில்லை என்பதைக் குழுவின் பதிவில் வையுங்கள். அடுத்த பதிப்பின்போது மீண்டும் கேட்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கொண்மதிப்பையும் சொல்லடைவில் ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள்.